கொசுறு யார் கணக்கில்?

மதுரையில் எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் அம்மாளிடம் எதை வாங்கினாலும் கடைசியில் கூடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலைந்து பச்சை மிளகாயும் விழும். அதற்குக் காசு கிடையாது. கொசுறு. கொடுக்காவிட்டால் என் அம்மா கேட்டு வாங்குவார். அந்தக் கறிவேப்பிலை அந்த அம்மாளின் கூடையிலிருந்துதான் வந்தது, அவருடைய லாபத்தில்தான் குறைந்தது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

நாற்பது வருடம் கழித்து, ஸ்கார்பரோவில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடை. முருங்கைக்காய், சிவப்பரிசி, தேங்காய்ப்பூ, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து 63 டாலர். என்னுடைய கடனட்டையை எடுத்து நீட்டினேன். உலோகத்தில் செய்தது, மேசையில் வைத்தால் சத்தம் கேட்கும். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குகிறவர். அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்:

"தம்பி, குறை நினையாதேங்கோ. உங்கடை காட் நல்ல காட்தான். உங்களுக்குப் பொயின்ற்ஸ் குடுக்கிறாங்கள். ஆனா அந்தக் காசை என்னட்டைத்தான் பிடிக்கிறாங்கள். டெபிற் இருந்தாத் தாங்கோவன்."

டெபிட் அட்டையைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வருடா வருடம் புள்ளிகளைச் சேர்த்து ஊருக்குப் போய்வருகிறவன் நான். எந்த அட்டைக்கு எத்தனை புள்ளி, எந்த மாதத்தில் மாற்றினால் லாபம் என்று நண்பர்களுக்கு விரிவுரையே நடத்துவேன். அந்தப் புள்ளி யாருடைய கூடையிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

ரொச்டேல்: கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே

1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், டோட் லேன் என்ற தெருவில், ஒரு சிறு கடை திறந்தது. தொடங்கியவர்கள் 28 பேர். நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத மாவு சரியான எடையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கவலை.

அவர்கள் செய்த ஒரு ஏற்பாடு உலகமெங்கும் பரவியது. கடையின் லாபத்தை முதல் போட்டவரின் பங்குக்கு ஏற்பப் பிரிக்காமல், யார் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினாரோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பங்கள் அதைச் செல்லமாக 'டிவி' என்று அழைத்தன. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவும், பண்டிகைச் செலவுக்கும் அந்தப் பணம் உதவியது.

இன்று அட்டைக்காரர்கள் தரும் 'காசு திரும்ப' என்ற சலுகைக்கு இதை முன்னோடியாகச் சொல்வது உண்டு. பாதிதான் சரி. ரொச்டேல் கடையில் வாடிக்கையாளர்தான் உரிமையாளர். விலையில் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் அந்தக் கூடுதல் அவருக்கே திரும்பி வந்தது. கணக்கு உறுப்பினர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டது. ஒரு பையிலிருந்து எடுத்து அதே ஆளின் இன்னொரு பையில் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த வட்டத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தபோது கதை மாறியது.

பச்சை ஸ்டாம்பு

அந்த வெளியாள் ஸ்டாம்பு விற்பவர். 1896இல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்ற இருவர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பச்சை நிறத்தில் தபால்தலை போன்ற சிறு துண்டுகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்பது தொழில். கடைக்காரர் ஒவ்வொரு பத்து சென்ட் வியாபாரத்துக்கும் ஒரு ஸ்டாம்பை வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். வாடிக்கையாளர் அவற்றை வீட்டில் உட்கார்ந்து நாக்கால் நனைத்துப் புத்தகத்தில் ஒட்டுவார். 1,200 ஸ்டாம்பு சேர்ந்தால் ஒரு புத்தகம் நிறையும். அதாவது 120 டாலருக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். நிறைந்த புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விளக்கு, போர்வை, ரொட்டி வாட்டும் இயந்திரம் என்று ஏதாவது கிடைக்கும்.

1960களில் இந்தப் பித்து உச்சத்துக்குப் போனது. அமெரிக்கத் தபால்துறை அச்சிடுவதைப்போல மூன்று மடங்கு ஸ்டாம்புகளைத் தாங்கள் அச்சிடுவதாக அந்த நிறுவனம் சொல்லிக்கொண்டது. 1962இல் ஆன்டி வார்ஹால் அந்தப் பச்சை ஸ்டாம்புகளையே ஓவியமாக்கினார்.

இதன் பொருளாதாரம் எளிமையானது. ஸ்டாம்புக்காகக் கடைக்காரர் தன் வியாபாரத்தில் ஏறத்தாழ இரண்டு சதவீதத்தைக் கொடுத்தார். ஊரில் ஒரு கடை மட்டும் ஸ்டாம்பு கொடுத்தால் அந்தக் கடைக்குக் கூட்டம் வரும், செலவு கட்டுப்படியாகும். பக்கத்துக் கடையும் எதிர்க் கடையும் கொடுக்கத் தொடங்கிவிட்டால் யாருக்கும் புதிய கூட்டம் வராது. ஆனால் நிறுத்தவும் முடியாது, நிறுத்தியவரின் கூட்டம் போய்விடும். கடைசியில் அந்த இரண்டு சதவீதம் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1966இல் டென்வரில் தொடங்கி பல அமெரிக்க நகரங்களில் இல்லத்தரசிகள் விலை உயர்வை எதிர்த்துப் பல்பொருள் அங்காடிகளைப் புறக்கணித்தார்கள். ஸ்டாம்பும் பரிசுப் போட்டியும் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

பிரிட்டனில் இதே கதை 'கிரீன் ஷீல்ட்' என்ற பெயரில் நடந்தது. 1963இல் ஸ்டாம்பைப் பிடித்துக்கொண்ட டெஸ்கோ, 1977இல் அதைக் கைவிட்டு அந்தப் பணத்தில் விலையைக் குறைத்தது. வியாபாரம் கூடியது. சனங்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தபோது பலர் ஸ்டாம்பைவிட மலிவான விலையையே எடுத்தார்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாள் நினைவிருக்கும். கனேடியன் டயர் பணம். 1958இல் அந்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஏ. ஜே. பில்ஸின் மனைவி முரியல் பில்ஸ் சொன்ன யோசனையில் பெட்ரோல் நிலையங்களில் தொடங்கியது. தொப்பி வைத்த ஸ்கொட்லாந்துக்காரர் சிரிக்கும் அந்தத் தாள்கள் இன்றும் பல வீடுகளில் சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன. அதில் நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. அந்தத் தாள் முதலில் ரொக்கமாகப் பணம் கொடுத்தவர்களுக்கான வெகுமதி. கடன் சொல்லாமல், கடைக்கு வேறு செலவு வைக்காமல், காசை எண்ணி வைத்தவருக்குக் கடை சொன்ன நன்றி. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தத் தர்க்கம் தலைகீழானது.

கணக்குக் கொப்பியிலிருந்து அட்டைக்கு

1950இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மக்னமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையை உணவகங்கள் ஏற்றுக்கொண்டன. அதற்காக ஒவ்வொரு பில்லிலும் ஏழு சதவீதத்தை விட்டுக்கொடுத்தன. 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 60,000 அட்டைகளை யாரும் கேட்காமலே தபாலில் அனுப்பியது. நூற்றுக்கு நான்கு கணக்குகள் நிலுவையாகும் என்று எதிர்பார்த்தார்கள். 22 நிலுவையாயின. நட்டத்தோடுதான் தொழில் தொடங்கியது.

அந்த முதல் அட்டைகளில் புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. இருந்தும் கடைக்காரர்கள் ஏன் ஆறு, ஏழு சதவீதம் கொடுத்தார்கள்? நம் ஊர் மளிகைக் கடையின் கடன் நோட்டை நினைத்தால் விடை கிடைக்கும். அமெரிக்கச் சிறு கடைகளிலும் அதேபோல நோட்டு இருந்தது. யார் எவ்வளவு பாக்கி, யார் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார், யார் தெருவை மாற்றிப் போகிறார். வங்கி வந்து, "நோட்டை என்னிடம் கொடு, பணத்தை இன்றே வாங்கிக்கொள், வசூல் என் பாடு" என்றது. அது உண்மையான உதவி. அதற்குக் கூலி கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு பல வங்கிகள் ஒரே வலையமைப்பில் சேர்ந்தன. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் அட்டை 1976இல் விசா என்று பெயர் மாறியது. இப்போது கடையின் வங்கி ஒன்று, வாடிக்கையாளரின் வங்கி வேறொன்று. கடையிடம் பிடிக்கும் கூலியில் பெரும்பகுதி வாடிக்கையாளரின் வங்கிக்குப் போகும் என்று ஏற்பாடு. பரிமாற்றக் கட்டணம் என்ற இந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் பின்னால் எல்லாப் புள்ளிகளும் ஓடி வந்தன.

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கான மைல் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் பின்தொடர்ந்தது. ஏர் கனடாவின் ஏரோபிளான் 1984இல் வந்தது. 1986இல் சியர்ஸ் நிறுவனம் டிஸ்கவர் அட்டையைக் கொண்டுவந்து, செலவழித்ததில் ஒரு சதவீதம்வரை காசாகத் திரும்பத் தந்தது. 1987இல் சிட்டிபாங்க் அட்டையில் செலவழித்தால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கிடைத்தது. பறக்காமலே மைல் சேர்க்கலாம் என்றானது. 1992இல் ஜெனரல் மோட்டார்ஸ் அட்டை, செலவில் ஐந்து சதவீதத்தைப் புதிய கார் விலையில் கழித்தது.

சாதாரணப் போட்டியில் விலை இறங்கும். இங்கே ஏறியது. வாடிக்கையாளர் தேடுவது நிறையப் புள்ளி தரும் அட்டையை. வங்கி தேடுவது தனக்கு நிறையக் கட்டணம் தரும் வலையமைப்பை. கட்டணத்தைக் கொடுக்கும் கடைக்காரரை இருவரும் கேட்க வேண்டியதில்லை. விசாவை ஏற்றுக்கொண்டால் எல்லா விசா கடனட்டைகளையும் ஏற்கவேண்டும் என்பது விதி. சாதாரண அட்டைக்கு ஒரு கட்டணம், உயர்தர அட்டைக்கு அதைவிட அதிகம் என்றாலும் இரண்டையும் அவர் சிரித்த முகத்தோடு வாங்க வேண்டும். பச்சை ஸ்டாம்பையாவது கடைக்காரர் நிறுத்த முடிந்தது. என்னுடைய உலோக அட்டையை ஸ்கார்பரோக் கடைக்காரர் மறுக்க வேண்டுமானால் அந்த வலையமைப்பின் எல்லாக் கடனட்டைகளையும் மறுக்க வேண்டும்.

சீட்டில் முகம் தெரியும்

நம்மவர்களுக்கு இதைப் புரியவைக்க ஏலச்சீட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. இருபது பேர் மாதம் ஆளுக்கு 500 டாலர் போடுகிறார்கள். அவசரத்தில் இருப்பவர் தள்ளிக் கேட்டு முதலில் எடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த தொகையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். பொறுத்திருக்கக் கூடியவருக்கு லாபம், பொறுக்க முடியாதவருக்குச் செலவு. அட்டையும் அதேதான். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டக் கூடியவருக்குப் புள்ளி. கட்ட முடியாதவருக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி. ஆனால் சீட்டில் தள்ளி எடுத்தவர் யார் என்று நமக்குத் தெரியும். மகளின் கல்யாணத்துக்கு எடுத்தார், தம்பியைக் கூப்பிட எடுத்தார் என்று தெரியும். அடுத்த முறை நாமே அந்த இடத்தில் இருக்கலாம் என்பதும் தெரியும். அட்டையில் யாருடைய முகமும் தெரியாது.

அந்த முகங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வு ஒன்று, அட்டைக் கட்டணம் எல்லோருக்குமான விலையில் ஏறுவதால் யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டது. ரொக்கம் பயன்படுத்தும் அமெரிக்கக் குடும்பம் ஒன்று சராசரியாக வருடம் 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒன்று ரொக்கக்காரர்களிடமிருந்து 1,133 டாலர் பெறுகிறது.

2023இல் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரை அட்டை வைத்திருப்பவர்களுக்குள்ளேயே பார்த்தது. அங்கே பணக்காரர், ஏழை என்பதைவிட வேறொரு கோடு தெளிவாகத் தெரிந்தது. கடன் மதிப்பெண் உயர்ந்தவர்கள், அதாவது கணக்கை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவர்கள், எந்த வருமானத்திலும் லாபம் பார்த்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் எந்த வருமானத்திலும் இழந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 15 பில்லியன் டாலர் இப்படிக் கைமாறுகிறது என்பது அவர்களுடைய மதிப்பீடு. படிப்புக் குறைந்தவர்களிடமிருந்து கூடியவர்களுக்கு, வறிய இடங்களிலிருந்து வசதியான இடங்களுக்கு.

கனடாவில் இந்தக் கோடு விண்ணப்பப் படிவத்திலேயே அச்சாகி இருக்கிறது. மாஸ்டர்கார்டின் 'வேர்ல்ட் எலைட்' வகை அட்டைக்குத் தனிநபர் வருமானம் 80,000 டாலர் அல்லது குடும்ப வருமானம் 1,50,000 டாலர் வேண்டும் என்பதே வழக்கம். அதிகம் வெகுமதி தரும் அட்டை, அந்த வெகுமதி அதிகம் தேவைப்படுபவருக்குக் கிடைக்காது. அவர் வாங்கும் அரிசி மூட்டையின் விலையில் அந்த அட்டையின் செலவு மட்டும் இருக்கும்.

நான் முதுகலை படிக்க இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் எந்த வங்கியும் எனக்குச் சாதாரண அட்டை தரவில்லை. 500 டாலர் வைப்பு வைத்து, அதே 500 டாலருக்கு ஓர் அட்டை கிடைத்தது. புள்ளி எதுவும் இல்லை. அதையும் பயந்து பயந்துதான் எடுப்பேன், மற்றதெல்லாம் ரொக்கம். மாலை நேரத்தில் ஒரு கடையில் அலமாரிக்குச் சாமான் அடுக்கிச் சம்பாதித்த பணத்தை அதே மாதிரி இன்னொரு கடையில் எண்ணிக் கொடுத்தேன். அந்த ரொக்கத்தில் யாரோ ஒருவருடைய விமானப் பயணத்துக்கான சில சென்டுகள் இருந்தன. இன்று என் பயணத்துக்கான சென்டுகளை இப்போது வந்திறங்கியிருக்கும் ஒரு மாணவர் கொடுக்கிறார். கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். கடந்தபோது எனக்கே தெரியவில்லை.

லாபம் உண்மைதான்

இதையெல்லாம் சொல்வதால் அட்டையை வெட்டி எறிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். லாபத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு உடல்நிலை மோசமான செய்தி ஒரு வியாழக்கிழமை இரவு வந்தது. மறுநாள் சென்னைக்குப் போகும் விமானத்தில் டிக்கெட்டின் காசு விலை என் ஒரு மாத வீட்டுத் தவணையைவிட அதிகம். அந்தச் சமயம் அதிர்ஷ்டவசமாகப் புள்ளிக்கு ஓர் இருக்கை இருந்தது. வரியை மட்டும் கட்டிவிட்டுப் போனேன். அப்பாவோடு ஒன்பது நாள் இருந்தேன். அந்த ஒன்பது நாளை எந்தக் கணக்கில் எழுதினாலும் அது லாபம்தான்.

ஆனால் லாபத்தைக் கணக்கிடும்போது எது புள்ளியின் லாபம், எது அட்டையின் லாபம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அட்டை திருடுபோனால் கிடைக்கும் பாதுகாப்பு, வராத பொருளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை, கடன் மதிப்பெண் வளர்வது, இவை புள்ளியே இல்லாத, ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண அட்டையிலும் கிடைப்பவை. புள்ளிக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது.

மாதம் 2,000 டாலர் அட்டையில் செலவழிப்பவருக்கு, இரண்டு சதவீதம் திரும்பக் கிடைத்தால் வருடத்துக்கு 480 டாலர். ஆண்டுக் கட்டணம் 120 என்றால் மீதி 360. இதே ஆள் 2,400 டாலர் பாக்கியை ஒரு வருடம் இழுத்தடித்தால் 20 சதவீத வட்டி 480 டாலர். ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாக்கி வைத்தாலே வெகுமதி முழுவதும் போய், ஆண்டுக் கட்டணமும் கையிலிருந்து போகும்.

இன்னொரு செலவு இதைவிட நுட்பமானது. 2001இல் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு எம்.ஐ.டி. பேராசிரியர்கள், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பகுதியினர் ரொக்கமாகவும் மற்றவர்கள் அட்டையாலும் கட்ட வேண்டும். அட்டைக்காரர்கள் இரண்டு மடங்குவரை கூடுதலாகக் கேட்டார்கள். ரொக்கத்தில் கை கூசுகிறது, அட்டையில் கூசவில்லை. இரண்டு சதவீதம் திரும்ப வாங்குவதற்காகப் பத்து சதவீதம் கூடுதலாகச் செலவழித்தால் யார் ஏமாந்தது?

கொசுறுக்காகவே காய் வாங்கியவர்களும் உண்டு. 2008இல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் விடும் ஆசையில், முக மதிப்புக்கே விற்றுத் தபால் செலவையும் தானே ஏற்றுக்கொண்டது. புத்திசாலிகள் சிலர் கடனட்டையால் ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டி அட்டைப் பாக்கியைத் தீர்த்தார்கள். மைல் மட்டும் மிஞ்சியது. 2011இல் நாணயச்சாலை அந்த விற்பனைக்குக் கடனட்டை வாங்குவதை நிறுத்தியது. படித்தபோது சிரித்தேன். அந்தத் தபால் செலவைக் கொடுத்தது வரி கட்டியவர்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

தொழில் முறையில் ஒருமுறை ஒரு புள்ளித் திட்டத்தின் கணக்கு மென்பொருளில் வேலை செய்திருக்கிறேன். அதில் ஒரு நிரல், கொடுத்த புள்ளிகளில் எத்தனை கடைசிவரை கேட்கப்படாமலே போகும் என்ற மதிப்பீடு. மறந்தவை, காலாவதியானவை, இறந்துபோனவர்களுடையவை. நிறுவனத்துக்கு அது வருமானம். மென்பொருளில் அது வெறும் எண். 2016இல் கனடாவில் ஏர் மைல்ஸ் திட்டம் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை அழிக்கப் போவதாக இருந்தபோது மக்கள் கொதித்தார்கள். கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிறுவனம் பின்வாங்கியது. காலம் போனதை மட்டும் காரணம் காட்டிப் புள்ளியை அழிப்பதற்கு ஒன்டாரியோ சட்டம்போட்டுத் தடை கொண்டுவந்தது. அந்த நிரலின் பின்னால் இத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அன்று கண்டேன்.

அரசுகள் குறுக்கே வந்தபோது

குழாயைச் சில நாடுகள் இறுக்கிப் பார்த்தன. 2003இல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி பரிமாற்றக் கட்டணத்தைச் சராசரி 0.95 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 0.55 ஆகக் குறைத்தது. அட்டைக்குத் தனிக் கட்டணம் கேட்கும் உரிமையையும் கடைகளுக்குக் கொடுத்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் கடனட்டைக்கு 0.3 சதவீதம், டெபிட்டுக்கு 0.2 என்று வரம்பு கட்டியது. இரண்டு இடங்களிலும் புள்ளிகள் மெலிந்தன. லண்டன் உறவினர்கள் நம்முடைய அட்டைச் சலுகைகளைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் 2011இல் பெரிய வங்கிகளின் டெபிட் அட்டைக்கு மட்டும் வரம்பு வந்தது. டெபிட் வெகுமதிகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் வங்கிகள் இலவசக் கணக்குகளையும் குறைத்துக்கொண்டன. அந்தக் கணக்குகளை நம்பியிருந்தவர்கள் வசதியற்றவர்கள். கடைகளில் விலை எவ்வளவு இறங்கியது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. குழாயை ஓரிடத்தில் அடைத்தால் தண்ணீர் வேறிடத்தில் கசிகிறது. ஆகவே வரம்பு கட்டினால் ஏழைக்கு நீதி கிடைத்துவிடும் என்று நானும் எளிதாகச் சொல்லமாட்டேன்.

கனடாவில் 2022 அக்டோபரிலிருந்து, கியூபெக் தவிர்ந்த இடங்களில், கடனட்டைக்கு 2.4 சதவீதம்வரை கூடுதல் கட்டணம் கேட்கக் கடைகளுக்கு அனுமதி உண்டு. 2024 அக்டோபரில் சிறு வியாபாரிகளுக்கான பரிமாற்றக் கட்டணம், கடையில் நேரில் நடக்கும் வியாபாரத்துக்கு, சராசரி 0.95 சதவீதமாகக் குறைந்தது.

இந்தச் செய்தியைக் கடைக்காரரிடம் சொல்லப் போனேன். கூடுதல் கட்டணம் கேட்கலாமே ஐயா என்றேன். "எங்கடை சனத்திட்டை அப்பிடிக் கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுங்கள் தம்பி" என்றார். பச்சை ஸ்டாம்புக் காலத்துக் கடைக்காரர்கள் சொன்னதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். சரி, சிறு வியாபாரிக்கான குறைப்பாவது கிடைக்கிறதா பார்ப்போம் என்றேன். உள்ளேயிருந்து மாதாந்தக் கணக்கறிக்கைகளை ஒரு பொலித்தீன் பையில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் நாலு பக்கம், எறும்பு எழுத்து. இரண்டு அரிசி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்தையும் கைப்பேசியில் கூட்டினோம்.

விசா வழியாக நடக்கும் வியாபாரம் வருடத்துக்கு 3,00,000 டாலருக்குக் கீழே இருந்தால்தான் அந்தக் குறைப்பு. அவருடையது அதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அரிசியிலும் பருப்பிலும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அந்தக் கணக்கில் வராது, எவ்வளவு விற்றது என்பது மட்டும்தான் வரும். அட்டையில் வாங்கிய எங்களைப் போன்றவர்கள் சேர்ந்துதான் அவரை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்திருக்கிறோம்.

"அப்ப நான் பெரிய முதலாளி எண்டு சொல்லுறாங்கள்" என்று சிரித்தார்.

இப்போது அந்தக் கடையில் டெபிட்தான் கொடுக்கிறேன். உலோக அட்டையைப் பெரிய அங்காடிகளுக்கும் விமான டிக்கெட்டுக்கும் வைத்திருக்கிறேன். அங்கேயும் அந்தச் செலவு யாரோ ஒருவருடைய விலையில் ஏறுகிறது என்று தெரியும். டிசம்பரில் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், புள்ளி கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. போன வாரம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வாங்கி, டெபிட்டைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். "நில்லுங்கோ தம்பி" என்று கூப்பிட்டு ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். குளிர்காலத்தில் இங்கே அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும். காசு எவ்வளவு ஐயா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளின் சாமானைத் தராசில் வைத்துவிட்டார்.